மறதி நோய் உள்ளவருடன் ஒரு மணி நேரம்: பயிற்சிப் புத்தகமா, பழைய பாட்டா, கைவேலையா, நடையா?

வீட்டில் ஒருவருக்கு அல்சைமர் என்று உறுதியானதும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அடுத்த கேள்வி பெரும்பாலும் கிளினிக் வாசலில் செருப்பு மாட்டும்போது வருகிறது: வீட்டில் நாம் என்ன செய்வது? பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. குறுக்கெழுத்தும் கணக்கும் போட வையுங்கள் என்பார் ஒருவர். பழைய பாட்டும் ஆல்பமும் போதும் என்பார் இன்னொருவர். தினமும் நடக்க வைத்தால் மூளை தெளியும் என்பார் மூன்றாமவர். சும்மா உட்கார வைக்காதீர்கள், கையில் ஏதாவது வேலை கொடுங்கள் என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

நான்கையும் செய்ய நேரமும் தெம்பும் உள்ள குடும்பம் அபூர்வம். 2023-ல் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு, அதாவது மறதி நோயோடு, வாழ்கிறார்கள். அல்சைமர் அதில் ஒரு வகை. அவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது குடும்பம்தான். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து முடித்தால் மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதை எதற்குக் கொடுப்பது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என் பெரியம்மாவுக்கு அல்சைமர். அவரைக் கவனித்துக்கொள்ளும் வீட்டில் இருந்துகொண்டும், இதே நிலையில் இருக்கும் பல குடும்பங்களோடு பேசியும், ஆய்வுகளைத் தேடிப் படித்தும் எனக்கு ஒரு தெளிவு கிடைத்திருக்கிறது. அதை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: நடுத்தர நிலை அல்சைமர் என்றால் என் ஓட்டு கைவேலைக்கும் பாட்டுக்கும். பயிற்சிப் புத்தகத்துக்கு இல்லை. ஆனால் நோய் வேறு என்றால் பதிலும் மாறும். அதனால் காரணங்களையும் சேர்த்துப் படியுங்கள்.

எந்த நினைவு முதலில் போகிறது

நாம் 'ஞாபகம்' என்று ஒரே சொல்லில் அடக்குவது மூளையில் ஒரே இடத்தில் இல்லை. காலையில் யார் வந்தார்கள், மாத்திரை போட்டோமா என்பதைப் பதிவு செய்வது ஹிப்போகாம்பஸ். அல்சைமர் முதலில் கை வைப்பது அதிலும் அதன் பக்கத்துப் பகுதியிலும்தான். அதை ஒட்டியே பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா இருக்கிறது; பயம், மகிழ்ச்சி போன்ற உணர்ச்சிகள் ஒரு சம்பவத்தை அழுத்திப் பதிய வைக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கு. அதுவும் இந்த நோயில் சுருங்கத்தான் செய்கிறது. சைக்கிள் ஓட்டுவது, தோசை திருப்புவது போன்ற கைப்பழக்கம் மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்ளியா, பின்பக்கத்தில் உள்ள சிறுமூளை ஆகியவற்றைச் சார்ந்தது. அல்சைமரில் இந்தப் பகுதிகளின் செயல்பாடு ஒப்பீட்டளவில் நெடுநாள் தாங்குகிறது.

இது தெரிய வந்ததே ஒரு சோகமான அறுவை சிகிச்சையால்தான். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பைக் குறைப்பதற்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவருக்குப் புதிய சம்பவம் எதுவும் மனதில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் ஓரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் 'இதை நான் முன்னே செய்ததே இல்லையே' என்ற நிலையில்தான் உட்கார்ந்தார். கை கற்றுக்கொண்டது அவருக்கே தெரியவில்லை.

உணர்ச்சிக்கும் இதுபோல ஒரு பழைய சான்று இருக்கிறது. 1911-ல் ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவர் எட்வார்ட் கிளாபரேட் தன் விரலிடுக்கில் ஒரு குண்டூசியை மறைத்துக்கொண்டு, நினைவிழந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்தார். பிறகு அவர் கை நீட்டியபோது அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் நம் வீடுகளில் தெரியாமலே இதை நாம் தினமும் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு வருகிறேன்.

உணர்ச்சி: நினைவைக் கூட்டுமா?

1995 ஜனவரி 17 அதிகாலையில் ஜப்பானின் கோபே நகரத்தைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தப் பகுதியில் ஏற்கெனவே மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்த அல்சைமர் நோயாளிகளிடம் பின்னர் விசாரித்தபோது, பெரும்பாலோருக்கு நிலநடுக்கம் நினைவிருந்தது. தங்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தது அவ்வளவு பேருக்கு நினைவில்லை. சத்தமும் குறுகலும் நிறைந்த எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் கிடந்தது ஒன்றும் சாதாரண அனுபவம் இல்லை. இருந்தும் அது நழுவியது, நிலநடுக்கம் நின்றது. எட்சுரோ மோரியின் குழு 36 நோயாளிகளின் ஸ்கேனை அளந்து பார்த்தபோது, அந்த நாளின் சொந்த அனுபவங்களை யார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்பது அமிக்டலாவின் அளவோடு ஒத்துப் போனது. ஹிப்போகாம்பஸின் அளவோடு ஒத்துப் போகவில்லை.

இதைப் படித்ததும் 'அப்படியானால் உணர்ச்சியைத் தூண்டினால் ஞாபகம் வரும்' என்று முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் எலிசபெத் கென்சிங்கர், சூசன் கார்க்கின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சியூட்டும் படங்களையும் சொற்களையும் காட்டிப் பார்த்தார்கள். ஆரோக்கியமான முதியவர்களுக்கு அவை சாதாரணப் படங்களைவிட நன்றாக நினைவில் நின்றன. அல்சைமர் நோயாளிகளுக்கு அந்த ஆதாயம் கிடைக்கவில்லை. வீடு குலுங்கியதும், திரையில் ஒரு படம் பார்த்ததும் ஒன்றில்லை அல்லவா? வீட்டில் நாம் பாட்டு, ஆல்பம் என்று தரக்கூடிய மென்மையான உணர்ச்சி புதிய தகவலை மனதில் ஆணி அடிக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் பலமாக இல்லை.

அப்படியானால் உணர்ச்சி எதற்கு உதவும்? இந்தக் கேள்விக்கான பதில்தான் எங்கள் வீட்டின் நடைமுறையை மாற்றியது. அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஆய்வு அது. 17 அல்சைமர் நோயாளிகளுக்கும் அதே எண்ணிக்கையில் ஆரோக்கியமானவர்களுக்கும் சோகமான படத்துண்டுகளும் பிறகு மகிழ்ச்சியான படத்துண்டுகளும் காட்டினார்கள். சில நிமிடங்களில் நோயாளிகள் படத்தில் என்ன வந்தது என்பதையே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆனால் சோகம் அரை மணி நேரம் வரை நீடித்தது. யாருக்குப் படம் குறைவாக நினைவிருந்ததோ அவருக்குத்தான் சோகம் அதிக நேரம் நின்றது. காரணம் தெரியாத துக்கத்தை ஆற்றிக்கொள்ள வழி இல்லையே.

இதை உங்கள் வீட்டு ஹாலுக்குக் கொண்டு வந்து பாருங்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "பெரியம்மா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?" பெரியம்மா சிரிக்கிறார். "ஏன் தெரியாம, நல்லாத் தெரியுமே" என்கிறார். "அப்ப பேரைச் சொல்லுங்க." சுற்றிலும் எல்லோரும் அவர் முகத்தையே பார்க்கிறார்கள். அவர் முந்தானை நுனியைத் திருகுகிறார். வந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, பாசத்தில்தான் கேட்கிறார்கள். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரியம்மாவுக்கு அவர்கள் வந்ததே நினைவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க வாசல் தாழ்ப்பாளைப் போய்ப் போய்ப் பார்ப்பார், 'நான் எங்க வீட்டுக்குப் போறேன்' என்பார், சாப்பாட்டைத் தள்ளுவார். கிளாபரேட்டின் குண்டூசி இதுதான்.

இப்போது வருகிறவர்களுக்கு வாசலிலேயே சொல்லிவிடுகிறோம். பெயர் கேட்கக் கூடாது. உள்ளே நுழைந்ததும் "பெரியம்மா, நான் உங்க தங்கச்சி மக வந்திருக்கேன், பசிக்குது" என்று தானே சொல்லிவிட வேண்டும். தங்கச்சி மகள் யார் என்று அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, பசி என்றால் புரிகிறது. எழுந்து அடுப்படிப் பக்கம் நடக்க ஆரம்பிக்கிறார். ஆகவே என் பார்வையில் உணர்ச்சியை நினைவுக்கான மருந்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்ற எதைச் செய்தாலும் அது ஒட்டுமா ஒட்டாதா என்பதைத் தீர்மானிப்பது அது. அதற்குத் தனி நேரம்கூட வேண்டாம். கேள்வி கேட்பதையும், திருத்துவதையும், 'இப்பத்தானே சொன்னேன்' என்பதையும் நிறுத்தினாலே பாதி வந்துவிடும்.

ஆல்பம், பழங்கதை வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நினைவுகளைக் கிளறிப் பேசும் முறையை ஆராய்ந்த 22 ஆய்வுகளை 2018-ல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) ஆய்வறிக்கை, பலன்கள் சிறியவை, இடத்துக்கு இடம் மாறுபவை என்றது. பிரிட்டனில் நோயாளியும் பராமரிப்பவரும் ஜோடியாகக் கலந்துகொண்ட ஒரு பெரிய ஆய்வில் நோயாளிகளுக்குப் பெரிதாகப் பலன் தெரியவில்லை. பராமரிப்பவர்களின் பதற்றம் கூடியிருந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஆல்பத்தைத் திறந்தால் இறந்துபோன கணவரின் படமும் வரும். 'இவர் எங்கே, இன்னும் ஆபீஸிலிருந்து வரலையா?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உண்மையைச் சொன்னால் அவருக்கு அது இன்றைக்கு நடந்த சாவு. ஆல்பம் காட்டுவதென்றால் படங்களை முதலில் நீங்கள் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கைவேலை: சொல்லால் தொடங்காது, பொருளால் தொடங்கும்

என் பெரியம்மா சின்ன வயதிலிருந்தே பூ கட்டுவார். "பெரியம்மா, பூ கட்டுங்க" என்று சொன்னால் இன்றைக்கு அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். அதே மல்லி மொட்டுகளை முறத்தில் கொட்டி, நனைத்த வாழை நாரின் ஒரு முனையை அவர் கால் கட்டைவிரலில் மாட்டிவிட்டால் போதும். வலது கை தானாகவே இரண்டு மொட்டை எடுக்கும், எதிரெதிராக இன்னும் இரண்டை வைக்கும், நாரைச் சுற்றி முடிச்சைப் போட்டு இறுக்கும். இறுக்கும்போது உதட்டை மடித்துக்கொள்வார், முன்பும் அப்படித்தான் செய்வார். நடுவில் ஒரு மொட்டு மலர்ந்திருந்தால் ஒதுக்கி வைக்கிறார். பேரன் பெயர் வராத நாளிலும் இந்தத் தேர்வு பிசகுவதில்லை. முழம் போட்டுப் பார்த்து, 'சாமிக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு' என்று கிள்ளிக் கொடுக்கும்போது அவர் வீட்டில் ஒரு பெரிய மனுஷி. அந்த நேரத்தில் அவரிடம் யாரும் எதையும் சோதிப்பதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது தொடக்கம். வாய்மொழி உத்தரவைக் கேட்டு, அதை மனதில் பிடித்துக்கொண்டு, பொருளைத் தேடி எடுத்து, முதல் படியை யோசிப்பது எல்லாம் நோய் பாதித்த பாதை வழியாகப் போக வேண்டும். பொருள் கையில் இருந்தால் அந்தப் பாதையே தேவைப்படாமல் போய்விடுகிறது. பல குடும்பங்கள் 'வேலை கொடுத்துப் பார்த்தோம், செய்ய மாட்டேங்கிறாங்க' என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். கீரை ஆயச் சொல்லாதீர்கள். கட்டைப் பிரித்து, ஒரு கிளையை அவர் கையில் கொடுத்து, நீங்களும் எதிரில் உட்கார்ந்து ஆயத் தொடங்குங்கள்.

செய்து பார்த்தால் நன்றாக நினைவில் நிற்கும் என்பது ஆய்வுக்கூடத்திலும் நிறுவப்பட்டதுதான். 'குடையைத் திற', 'காகிதத்தை மடி' போன்ற கட்டளைகளைக் காதால் மட்டும் கேட்டவர்களைவிட, செய்தும் பார்த்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை 1980-களில் பல ஆய்வாளர்கள் காட்டினார்கள். அல்சைமரிலும் இது பலிக்குமா என்பதில் முடிவுகள் இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. நினைவுகூரும் நேரத்தில் குறிப்புக் கொடுத்து உதவினால் ஆதாயம் தெரிகிறது என்று லார்ஸ் பெக்மன் உள்ளிட்ட சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே காலத்தில் வேறொரு குழு ஆதாயம் இல்லை என்றது. ஆக, 'இன்று பூ கட்டினேன்' என்பது பெரியம்மாவுக்கு நினைவிருக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அவருக்கு நினைவிருப்பதும் இல்லை. நான் கேட்பது வேறு: கட்டும் நேரத்தில் அவர் நிம்மதியாக இருக்கிறாரா? கட்டி முடித்த பிறகும் அது தொடர்கிறதா? இரண்டுக்கும் பதில் பெரும்பாலான நாட்களில் ஆம்.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கவே வேண்டும் என்றால் அதற்கும் கை வழியாகவே போகலாம். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நினைவுகூர வைக்கும் முறையை டிமென்ஷியாவுக்கு ஏற்றபடி வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப். எழும்போதெல்லாம் வாக்கரைப் பிடிக்க வேண்டும் என்பதை எடுத்துக்கொள்வோம். 'எழும்போது என்ன செய்வீங்க?' என்று கேட்டு, உடனே நாமே விடையைச் சொல்லி, அவர் கையை வாக்கரில் வைக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து மீண்டும், ஒரு நிமிடம் கழித்து மீண்டும், பிறகு இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்ட வேண்டும். தவறினால் திட்டாமல், சரியான விடையைச் சொல்லி, முன்பு வெற்றி பெற்ற இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். ஊகித்துத் தப்பாகச் சொல்ல விடக் கூடாது. தப்பும் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பழக்கம்தான், அதுவும் அவருக்கு உண்மையிலேயே தேவைப்படுவது. கிழமை பெயரைச் சொல்ல வைப்பதற்காக இந்த உழைப்பைச் செலவழிக்காதீர்கள்.

கைவேலைக்கும் காலக்கெடு உண்டு. நோய் முற்றும்போது கை அசைவுகளின் வரிசையே குலையும். புடவை கட்டத் தெரிந்தவர் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அடுத்தது என்ன என்று தெரியாது. அப்போது அதே வேலையைச் செய்யச் சொல்லி நிற்பது வதை. வேலையின் ஒரு துண்டை மட்டும் கொடுங்கள்: பூ கட்டியவருக்கு மொட்டைப் பிரித்துப் போடுவது, சமைத்தவருக்குப் பட்டாணி உரிப்பது, இல்லாவிட்டால் துண்டுகளை மடிப்பது. மடித்ததை அவர் கண்ணெதிரே கலைத்து மறுபடி கொடுக்காதீர்கள். வேறு அறைக்குக் கொண்டு போய்விட்டு, பிறகு கொண்டு வாருங்கள்.

நடை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 120 முதியவர்களில் ஓராண்டு தொடர்ந்து நடைப்பயிற்சி செய்த பாதிப் பேருக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. ஆனால் அவர்கள் டிமென்ஷியா இல்லாதவர்கள். நோய் வந்தவர்களிடம் செய்த பெரிய சோதனை இங்கிலாந்தில் நடந்து 2018-ல் வெளியானது. லேசான, நடுத்தர டிமென்ஷியா உள்ள 494 பேரில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் தீவிரமான உடற்பயிற்சி கொடுத்தார்கள். உடல் தெம்பு கூடியது. அறிவாற்றல் சரிவு குறையவில்லை. ஓராண்டு முடிவில் பயிற்சி செய்தவர்களின் மதிப்பெண் ஒரு சொட்டு மோசமாகவே இருந்தது.

அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள். கால் வலுவுக்கும், மலச்சிக்கலுக்கும், இரவுத் தூக்கத்துக்கும், கூடவே வருகிறவரின் மனசுக்கும் அது நல்லது. ஞாபகம் திரும்பும் என்ற நம்பிக்கையில், மூச்சு வாங்குகிறவரை இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று இழுக்க வேண்டாம். மாலை இருட்டும் நேரத்தில் பதற்றம் கூடுகிறவர் என்றால், அதற்கு முன்பே வெளிச்சத்தில் கொஞ்சம் நடத்திக் கூட்டி வருவது எங்கள் அனுபவத்தில் பயன் தந்திருக்கிறது.

பயிற்சிப் புத்தகம், மூளைப் பயிற்சி ஆப்

நான் தயங்காமல் வேண்டாம் என்று சொல்வது இதைத்தான். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், லேசான, நடுத்தர அல்சைமருக்கு இந்த மாதிரிப் பயிற்சியைச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பிடித்துப் போட்டால் போடட்டும், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் வாங்கி வந்த புத்தகத்தை முன்னே வைத்து, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் ஒன்பதிலிருந்து நான்கைக் கழிக்க முடியாமல் கண் கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தவறும் அவருக்கு அவமானம். தவறு மறந்துபோகும், அவமானம் தங்கும் என்று மேலே பார்த்தோமே.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று இருக்கிறது: குழுவாக உட்கார்ந்து செய்யும் அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை. 2003-ல் இங்கிலாந்தில் 201 பேரிடம் சோதித்தது. வாரம் இரண்டு முறை, மொத்தம் 14 அமர்வுகள். பாட்டு, உணவு, பழைய பொருட்கள், பந்து விளையாட்டு என்று போகும். சரி, தப்பு என்று மதிப்பெண் கிடையாது, கருத்துதான் கேட்பார்கள். அறிவாற்றலிலும் வாழ்க்கைத் தரத்திலும் சின்னதாக, ஆனால் அளக்கக்கூடிய முன்னேற்றம் தெரிந்தது. இதைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றிச் செய்து பார்த்தது சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு. நோய் ஆரம்ப நிலையில் இருந்து, பக்கத்தில் இப்படி ஒரு குழு நடந்தால், அந்த ஒரு மணி நேரத்தை வாரம் இரண்டு நாள் தாராளமாக அதற்குக் கொடுங்கள்.

பாட்டு ஏன் தனி

பாட்டை உணர்ச்சி வகையில் சேர்ப்பதா, செயல் வகையில் சேர்ப்பதா? இரண்டிலும் அது கால் வைத்திருக்கிறது. 2015-ல் லைப்சிக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நெடுங்காலம் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று முதலில் இளைஞர்களிடம் பார்த்தார்கள். பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அதே பகுதி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். சுருக்கம் அங்கே மிகக் குறைவு. அந்தப் பகுதிகளில் ஒன்று அசைவுகளைத் திட்டமிடும் வட்டாரத்தைச் சேர்ந்தது. பாட்டைக் கேட்டதும் விரல் தாளம் போடத் தொடங்குவதும், பேச்சு குறைந்தவர் சரணம் வரை பிசகாமல் பாடுவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாஸ்டனில் 2010-ல் வெளியான ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் பேசிக் காட்டிய வரிகளைவிடப் பாடிக் காட்டிய வரிகளை நன்றாக அடையாளம் கண்டார்கள். ஆரோக்கியமான முதியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இசைச் சிகிச்சை பற்றி 2018-ல் வந்த காக்ரேன் தொகுப்பு, மனச்சோர்வு குறைகிறது, அறிவாற்றலில் மாற்றம் பெரிதாக இல்லை என்றது. அது எனக்குப் போதும். எந்தப் பாட்டு என்பதில் மட்டும் கவனம் வேண்டும். உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு வேறு, அவருடைய பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் காதில் விழுந்த பாட்டு வேறு. பிறந்த வருடத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். பஜனை, திருப்புகழ், கும்மி, தேவாலயப் பாடல், நாகூர் ஹனீபா என்று அவரவர் வீட்டில் ஒலித்தது எதுவோ அது. டிவியை அணைத்துவிட்டுப் போடுங்கள். அவர் கூடவே பாடினால் நீங்களும் பாடுங்கள்.

நோய் வேறென்றால் கணக்கும் வேறு

மேலே சொன்னதெல்லாம் அல்சைமருக்கு. பார்க்கின்சன் நோயில் நிலைமை ஏறக்குறைய தலைகீழ். 1996-ல் பார்பரா நோல்டன் குழு, சீட்டுகளைக் காட்டி 'நாளை மழையா, வெயிலா' என்று ஊகிக்கச் சொல்லும் ஒரு விளையாட்டை வைத்தது. நினைவிழந்த நோயாளிகள் விளையாடியதை மறந்தார்கள், ஆனால் ஊகம் மெல்ல மெல்லத் தேறியது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு விளையாடியது நன்றாக நினைவிருந்தது, ஊகம்தான் தேறவில்லை. பேசல் கேங்க்ளியா பாதிக்கப்படுவதால், யோசிக்காமல் கை பழகும் வழி அவர்களுக்குச் சிரமம். ஆகவே பார்க்கின்சன் உள்ள அப்பாவிடம் 'பழக்கத்தில் வந்துவிடும்' என்று காத்திருக்காதீர்கள். படிகளைச் சொல்லிக் கொடுங்கள், எழுதி ஒட்டுங்கள், ஒவ்வொன்றாகக் கவனித்துச் செய்யச் சொல்லுங்கள். நடையும் அவர்களுக்கு இன்னும் முக்கியம், அதுவும் தாளத்தோடு. ஒரே சீரான தாளத்துக்கு அடியெடுத்து வைத்தால் நடையின் வேகமும் அடியின் நீளமும் கூடுவதை மைக்கேல் தாட் குழு 1996-லேயே காட்டியிருக்கிறது. வீட்டில் போனில் உள்ள மெட்ரோனோம் ஆப் போதும். கால் தரையில் ஒட்டிக்கொள்ளும் வாசற்படி அருகே குறுக்குக் கோடுகள் ஒட்டிவைப்பதும் பலருக்கு உதவுகிறது.

நடத்தை மாற்றத்தோடு தொடங்கும் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவில் பிறர் உணர்ச்சியைப் புரிந்துகொள்வதே ஆரம்பத்தில் குறையும். அங்கே ஆல்பமும் கண்ணீரும் எதிர்பார்த்த பதிலைத் தராது, குடும்பம் மனம் உடையும். ஒரே ஒழுங்கில் நடக்கும் தினசரி வேலைதான் அவர்களுக்கு ஒத்துவரும். லூவி பாடி டிமென்ஷியாவில் தெளிவு நாளுக்கு நாள், சமயத்தில் மணிக்கு மணி மாறும்; நேற்று செய்ததை இன்று செய்ய முடியாதது பிடிவாதம் இல்லை. அதனால் எந்தத் திட்டத்துக்கும் முன்னால், நோய் எந்த வகை என்பதை நரம்பியல் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'வயசான மறதி' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

அல்சைமர் ஆரம்ப நிலை என்றால், அவரையே கேளுங்கள். எதை விடாமல் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பால் கணக்கு எழுதுவது, தனியாகக் கோயிலுக்குப் போய் வருவது, பேத்திக்கு வீடியோ கால் போடுவது, எதுவானாலும் சரி. லிண்டா கிளேர் தலைமையில் பிரிட்டனில் 475 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான சோதனை இந்த வழியைத்தான் ஆராய்ந்தது. தாங்கள் தேர்ந்தெடுத்த காரியத்தில் அவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். பொதுவான நினைவாற்றல் மதிப்பெண் மாறவில்லை. எனக்கு முதலாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நடுத்தர நிலையில் மணி நேரத்தின் பெரும்பகுதியைக் கைவேலைக்குக் கொடுங்கள், பின்னணியில் அவருடைய பாட்டு ஓடட்டும். புதுப் பழக்கம் ஏதாவது அவசியம் என்றால் தொடக்கத்தில் பத்து நிமிடம் அதற்கு. முற்றிய நிலையில் வேலை போய்விடும். பாட்டும், தலை வாரிவிடுவதும், கையைப் பிடித்துக்கொள்வதும் மிஞ்சும், அந்த ஒரு மணி நேரம் அதற்கே போகட்டும். குளிப்பாட்டும்போது சண்டை வருகிற வீடு என்றால், எந்த நிலையிலும் முதலில் சரிசெய்ய வேண்டியது அதுதான். வெந்நீரை முகத்தில் ஊற்றாமல் காலிலிருந்து தொடங்குவது, உடம்பைத் துண்டால் போர்த்தியபடியே பகுதி பகுதியாகக் கழுவுவது, அவசரம் இல்லாத நேரத்துக்குக் குளியலை மாற்றுவது ஆகியவற்றைச் செய்து பாருங்கள். காலை எட்டு மணிக்கு வந்த பயம் பத்து மணிக்கும் உடம்பில் இருந்தால், அப்போது எந்தக் கைவேலையும் ஓடாது.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஒரு சிறு நோட்டுப் போதும். என்ன நினைவிருக்கிறது என்பதை அதில் எழுதாதீர்கள். அன்றைக்கு என்ன செய்தோம், அதன் பிறகு இரவுச் சாப்பாடு எப்படிப் போனது, எத்தனை முறை வாசலுக்குப் போனார், தூங்கினாரா, உங்களுக்கு எப்படி இருந்தது என்று நாலு வரி. இரண்டு வாரத்தில் ஒரு போக்கு தெரியும். பூ கட்டிய நாட்களைவிடத் துணி மடித்த நாட்கள் அமைதியாக இருந்தால் துணிக்கு மாறிவிடுங்கள். எந்த நாளும் அமைதியாக இல்லை என்றாலோ, திடீரென்று குழப்பம் கூடினாலோ, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புது மாத்திரை என்று உடம்புக் காரணம் இருக்கலாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.